செகண்டுக்கு முந்தைய ஃபர்ஸ்ட்

ஐந்தாம் வகுப்பில் ஆங்கில வரிசை எண்களை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நாளில், கரும்பலகைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். "சார், கடிகாரத்துல செகண்ட் இருக்கு, ஃபர்ஸ்ட் எங்க சார்?" வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, "அது வேற செகண்டுடா, இது வேற செகண்டு, உட்காரு" என்றார். அவர் மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. இரண்டும் ஒரே சொல் என்பது ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு வளர்ந்தது. கேள்வி சரியானதுதான் என்றும், அதற்கு முழுமையான விடை இருக்கிறது என்றும், கடிகாரத்தில் ஃபர்ஸ்ட் அன்றைக்கே என் கண்ணெதிரில் சுற்றிக்கொண்டிருந்தது என்றும் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அந்த ஃபர்ஸ்டின் பெயர் மினிட். இடைக்கால ஐரோப்பாவில் லத்தீனில் எழுதிய வானியலாளர்கள் ஒரு பாகையையோ ஒரு மணியையோ அறுபதாகப் பிரித்தபோது கிடைத்த துண்டைப் 'பார்ஸ் மினுட்டா பிரைமா' என்றார்கள். முதலாவது சிறு கூறு என்பது பொருள். அந்தத் துண்டை மறுபடியும் அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது 'பார்ஸ் மினுட்டா செகுண்டா', அதாவது இரண்டாவது சிறு கூறு. நீண்ட பெயர்கள் நாக்கில் தேய்வது இயல்பு. முதல் பெயரில் 'சிறு' என்ற சொல் மட்டும் நின்று மினிட் ஆனது. இரண்டாவதில் 'சிறு' உதிர்ந்து 'இரண்டாவது' மட்டும் நின்று செகண்ட் ஆனது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரில் ஒருவனைப் பெயர் சொல்லியும் மற்றவனைச் 'சின்னவனே' என்றும் கூப்பிட்டுப் பழகிய பிறகு, ஊருக்கு அவர்கள் அண்ணன் தம்பி என்பதே மறந்துபோன கதை இது.

மினுட்டா என்ற லத்தீன் சொல்லுக்குக் குறைக்கப்பட்டது, சிறுத்தது என்று பொருள். உணவகத்தில் நாம் கேட்கும் மெனுவும் இதே வேரில் பிரெஞ்சு வழியாக வந்ததுதான். சிறுசிறு விவரமாக எழுதிய பட்டியல் என்பதால் அந்தப் பெயர். செகுண்டாவின் வேர் இன்னும் அழகானது. 'பின்தொடர்' என்ற வினையிலிருந்து பிறந்த அச்சொல்லின் முதற்பொருள் 'தொடர்ந்து வருவது' என்பதே. கப்பலுக்குப் பின்னாலிருந்து வீசி அதைத் தள்ளிக்கொண்டு போகும் காற்றையும் ரோமானியர்கள் இதே சொல்லால்தான் குறித்தார்கள். ஒன்றைத் தொடர்ந்து வருவது இரண்டு ஆகையால் அது எண்ணுப்பெயரும் ஆயிற்று. ஆங்கிலத்தில் ஒன்று முதல் பத்து வரையுள்ள வரிசை எண்களில் இது ஒன்று மட்டுமே வந்தேறி. மற்றவை எல்லாம் அம்மொழியின் சொந்தச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் இரண்டாவதைக் குறிக்க 'அதர்' என்ற சொல்லே இருந்தது. மற்றது என்றும் இரண்டாவது என்றும் ஒரே சொல் குழப்பியதால் பிரெஞ்சிலிருந்து செகண்டைக் கடன் வாங்கினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதை இன்றும் அவர்கள் 'எவ்ரி அதர் டே' என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம்.

அறுபது ஏன் என்ற கேள்விக்குப் பாபிலோனியர்கள் என்ற விடை எல்லோருக்கும் தெரிந்தது. அவர்களுடைய எண்முறையே அறுபதை அடியாகக் கொண்டது. அந்த முறையைக் கிரேக்க வானியல் எடுத்துக்கொண்டது. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி தம் கணக்குகளில் பின்னங்களை எல்லாம் முதல் அறுபதின்கூறு, இரண்டாம் அறுபதின்கூறு என்றே எழுதிச் சென்றார். அவரை அரபு மொழிக்குக் கொண்டுபோனவர்கள் முதல் கூறுக்குத் தகீகா என்று பெயரிட்டார்கள். நுண்ணியது என்று பொருள். அடுத்ததற்குத் தானியா, இரண்டாவது. இன்றும் கெய்ரோவிலோ துபாயிலோ ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் சொற்கள் இவையே. லத்தீன்காரர்கள் செய்ததும் இதே பெயரிடல்தான். ஒன்று சிறுத்தது, மற்றது இரண்டாவது.

இதில் நான் நெடுநாள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இரண்டாவது என்று பெயர் வைத்தவர்கள் அதோடு நிறுத்தவில்லை. கி.பி. 1000 வாக்கில் மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி அமாவாசைக் கணக்குகளை எழுதியபோது மணி, மினிட், செகண்ட் என்று இறங்கி, அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது கூறுகள் வரை கொடுத்திருக்கிறார். 1267இல் ஆங்கிலேயத் துறவி ரோஜர் பேக்கன் பௌர்ணமிகளுக்கு அதையே லத்தீனில் செய்தார். செகுண்டாவுக்குப் பிறகு டெர்ஷியா, குவார்ட்டா. நான்காவது கூறு என்பது நம் கணக்கில் செகண்டின் 3,600இல் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் அவர்கள் கையில் இருந்தவை நிழல் விழும் கோலும், நீர் சொட்டும் பாத்திரமும்தாம். செகண்டையே அளக்க வழியில்லாதவர்கள் செகண்டின் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஏனென்றால் அது அவர்களுக்குக் காலமே அல்ல. வகுத்தலில் வந்த மீதி. ஓர் ஆண்டின் நிலவுச் சுழற்சிகளை வகுத்துக்கொண்டே போனால் தாளில் மீதி வந்துகொண்டே இருக்கும். அந்த மீதியை எழுத அட்டவணையில் ஒரு பத்தி வேண்டும், பத்திக்கு ஒரு தலைப்பு வேண்டும். செகண்ட் பிறந்தது ஒரு பத்தித் தலைப்பாக.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் தொடக்கக் காலத்தில் எப்படி ஒலித்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று, கவிஞர் சாசர் 1391 வாக்கில் வான்கோள் அளவைக் கருவியைப் பற்றி எழுதிய சிறு உரைநடை நூல். லத்தீன் அதிகம் தெரியாத தம் பத்து வயது மகன் லூயிஸுக்காக அதை எளிய ஆங்கிலத்தில் எழுதினார். பாகை ஒன்றுக்கு அறுபது மினிட், மினிட் ஒன்றுக்கு அறுபது செகண்ட், இப்படியே முடிவில்லாமல் சிறு பின்னங்களாகப் போகும், அல்காபிசி சொல்வதுபோல, என்று அவர் மகனுக்கு விளக்குகிறார். அல்காபிசி 10ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய சோதிட வல்லுநர். ஆங்கிலக் கவிஞர் ஒருவர் தம் பிள்ளைக்கு நேரம் சொல்லிக்கொடுக்க அரபு ஆசிரியரைச் சாட்சிக்கு அழைக்கிறார். அங்கேயும் செகண்ட் முதலில் வட்டத்தின் துண்டுதான், பொழுதின் துண்டு அன்று. அந்த நூலைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சின்னப் பொறாமை வந்தது. கிட்டத்தட்ட அதே வயதில் நான் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு வரி போதுமான பதிலாக இருந்திருக்கும்.

வட்டத்திலிருந்து இறங்கி அது டிக் டிக் என்று ஒலிக்கத் தொடங்குவதற்கு இன்னும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. சாசர் காலத்து மணிக்கூண்டுக் கடிகாரங்களுக்கு மினிட் முள்ளே கிடையாது; சிலவற்றுக்கு முகப்பும் கிடையாது, மணியடிப்பதோடு சரி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் யோஸ்ட் பூர்கி என்ற கடிகார வல்லுநர் ஜெர்மானியக் கோமகன் ஒருவருக்காகச் செகண்ட் காட்டும் கடிகாரம் செய்தார். டென்மார்க்கின் டைக்கோ பிராஹே தம் வானாய்வுக் கூடத்துக் கடிகாரங்களிலும் செகண்ட் காட்ட ஏற்பாடு செய்துவிட்டு, அவை ஒன்றோடொன்று நான்கு செகண்ட் முன்பின்னாக ஓடுகின்றன என்று 1587இல் குறைப்பட்டுக்கொண்டார். செகண்டைப் பற்றி ஒருவர் புகார் சொல்கிறார் என்றாலே அது தாளை விட்டு உலகத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

அது வந்த பாடு சாதாரணமல்ல. 1640களில் இத்தாலியின் பொலோஞாவில் ரிச்சொலி என்ற இயேசு சபைத் துறவி, ஓர் அசைவுக்குச் சரியாக ஒரு செகண்ட் எடுக்கும் ஊசல் ஒன்றைச் செய்துவிடப் பிடிவாதமாக இருந்தார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, ஒரு முழு நாளைக்கு அதை எண்ணுவது. நாளைக்கு 86,400 வர வேண்டும். உடன் துறவிகள் ஒன்பது பேரைச் சம்மதிக்கவைத்து, முறைவைத்து, நின்றுபோகாமல் ஊசலைத் தட்டிக்கொடுத்து, இரவும் பகலும் எண்ணினார்கள். வந்தது ஏறத்தாழ 87,000. பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நானாக இருந்தால் அத்தோடு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பேன். ரிச்சொலி திருப்தியடையாமல் ஊசலின் நீளத்தை மாற்றி மறுபடி எண்ணத் தொடங்கினார். செகண்ட் என்பது மனித வாயால் ஒவ்வொன்றாக எண்ணப்பட்ட அந்த இரவுகளை நினைக்கும்போது, அந்த ஒன்பது பேரில் யாராவது நடுவில் கண்ணயர்ந்திருக்க மாட்டார்களா என்றே எனக்குத் தோன்றும்.

1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்ததும் எண்ணுகிற வேலை பற்சக்கரங்களுக்குப் போயிற்று. ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் அளவே குறைவான ஊசல் ஓர் அசைவுக்கு ஒரு செகண்ட் எடுக்கும் என்பது அதன் பிறகு எல்லாருக்கும் பொதுவான அறிவாகி, உயரமான பெட்டிக் கடிகாரங்களின் உயரத்தையே தீர்மானித்தது. ஆனால் 1672இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போன வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டிய பிறகே அது ஒழுங்காக ஓடியது. நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பு சற்றுக் குறைவு, பூமி முழு உருண்டை அல்ல என்ற முடிவுகள் அதிலிருந்து பிறந்தன. பத்தித் தலைப்பாகப் பிறந்த ஒன்று பூமியின் இடுப்பை அளந்தது.

மூன்றாவதும் நான்காவதும் என்ன ஆயின என்று கேட்கலாம். செகண்டுக்குக் கீழே அளக்கும் கருவிகள் வந்தபோது ஐரோப்பியர்கள் பின்னங்களைப் பத்தின் அடுக்குகளில் எழுதப் பழகியிருந்தார்கள். அதனால் அறுபதின் ஏணி செகண்டோடு நின்றது, கீழே மில்லிசெகண்ட் என்று வேறு ஏணி தொடங்கியது. போலிஷ் மொழியில் டெர்ட்சியா, துருக்கியில் சாலிசே என்று மூன்றாவதற்கான சொற்கள் அகராதிகளில் இன்னும் இருக்கின்றன. மேலே இருப்பதையும் பத்தாக்கிவிடப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் முயன்று, நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு மினிட், மினிட்டுக்கு நூறு செகண்ட் என்று சட்டம் போட்டார்கள். 1795இலேயே அதைக் கைவிட்டார்கள்.

நாளை வகுத்துக் கிடைத்த பிள்ளைதான் இந்தச் செகண்ட். அந்த உறவு 1967இல் தலைகீழானது. சீசியம் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளே ஒரு செகண்ட் என்று அனைத்துலக அளவை மாநாடு வரையறுத்தது. அதன் பிறகு நாள்தான் செகண்டுக்கு ஒத்துப்போக வேண்டியதாயிற்று. பூமி அவ்வளவு ஒழுங்காகச் சுற்றுவதில்லை. ஆகவே 1972 முதல் 2016 வரை 27 முறை ஒரு செகண்டைச் செருகினார்கள். கடைசியாகச் செருகியபோது இந்தியாவில் 2017 ஜனவரி 1, விடிகாலை 5 மணி 29 நிமிடம் 59 செகண்டுக்கு அடுத்து 60ஆவது செகண்ட் ஒன்று வந்து, அதற்குப் பிறகே ஐந்தரை பிறந்தது. அந்த உபரிச் செகண்டை நான் தூக்கத்தில் கழித்தேன். கணினிகளுக்கு இது தலைவலி என்பதால் 2035க்குள் இந்தச் செருகலைக் கைவிடுவதென்று 2022இல் முடிவெடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் தமிழில் எழுதும்போது செகண்டுக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று ஒவ்வொரு முறையும் தயங்குகிறேன். பேச்சில் நமக்குச் செகண்ட். இலங்கைப் பாடநூல்களில் செக்கன். எழுத்தில் நொடி அல்லது விநாடி. அங்கே பக்கத்து மொழியான சிங்களத்தில் இதற்குத் தத்பர என்கிறார்கள்; வடமொழியில் அச்சொல்லைப் பிரித்தால் 'அதைத் தொடர்வது' என்று வரும். லத்தீன்காரர் கப்பலுக்குப் பின்னால் வீசிய காற்றை நினைத்துச் சூட்டிய பெயரின் பொருள் கொழும்பிலும் அப்படியே இருக்கிறது.

நொடி அப்படிப்பட்டதன்று. அது விரல் சொடுக்கும் ஒலி. எழுத்தின் மாத்திரைக்கு அளவு சொல்ல வந்த தொல்காப்பியர் "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்றார்; கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் ஒன்று என்பது அவர் கணக்கு. இலக்கண உரைகளில் வழங்கும் பழைய சூத்திரம் ஒன்று இன்னும் நெருங்கிப் போய் அந்தச் சொடுக்கையே பிரிக்கிறது: "உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே." சொடுக்கலாம் என்று நினைக்கும்போது கால், கட்டைவிரல் மேல் நடுவிரலை ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விடும்போது ஒன்று. செய்து பார்த்தால் விளங்கும். பாபிலோனின் ஏணி இதில் இல்லை. ஒரு கையும், அந்தக் கையைக் கூர்ந்து பார்த்த ஒருவரும்தான் இருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இமைப்பு என்று பொருள்படும் நிமிஷம் இன்று மினிட் ஆகிவிட்டது, நொடி செகண்ட் ஆகிவிட்டது. தொல்காப்பியர் சமம் என்றவற்றில் இமைப்பின் வடமொழிப் பெயர் நொடியைவிட அறுபது மடங்கு நீண்டுவிட்டது. அறுபது விரல் சொடுக்கும் வரை மூடிய இமை திறக்கவில்லை.

விநாடியின் கதை எனக்குச் சொந்த அவமானத்தோடு சேர்ந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு நாள் தாத்தா என்னிடம் பஞ்சாங்கத்தைக் கொடுத்து, "அமாவாசை எத்தனை மணிக்குப் பொறக்குதுன்னு பார்த்துச் சொல்லு, அப்புறந்தான் இலை போடணும்" என்றார். சதுர்த்தசி நாழிகை 14, விநாடி 35 என்று போட்டிருந்தது. நாழிகையை இரண்டால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் மணி வரும் என்று அவரே சொல்லிக்கொடுத்திருந்தார். ஐந்து மணி முப்பத்தாறு நிமிடம்; காலை ஆறு மணி உதயத்தோடு கூட்டினால் பதினொன்று முப்பத்தாறு. விநாடி என்றால் செகண்ட் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்ததால் அந்த 35ஐ நான் பொருட்படுத்தவில்லை. பாட்டி இலையைப் போட்டு, சோற்றைக் கொண்டுவரும் நேரத்தில் தாத்தா பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்து, "பதினாலு நிமிஷத்தைத் தின்னுட்டியேடா" என்றார். சோறு மறுபடி அடுப்படிக்குப் போயிற்று.

பஞ்சாங்கத்தின் விநாடி செகண்ட் அன்று. நாளை அறுபதாகப் பிரித்தால் நாழிகை, 24 நிமிடம். நாழிகையை அறுபதாகப் பிரித்தால் விநாடி, 24 செகண்ட். நாழிகையின் வடமொழிப் பெயரான நாடிக்கு முன்னால் 'வி' சேர்த்தால் அடுத்த கூறு. சாதகத்தில் பாகையின் அறுபதில் ஒன்றான கலைக்கு முன்னால் 'வி' சேர்த்து விகலை என்பதும் அதே முறை. லத்தீன்காரர் 'இரண்டாவது' என்று எண் போட்டுச் சொன்னதை நம் பக்கத்துக் கணிதர்கள் ஓர் எழுத்தால் சொன்னார்கள். காஸ்டீல் அரசர் அல்ஃபோன்சோவின் பெயரால் வழங்கி, 14ஆம் நூற்றாண்டில் பாரிஸிலிருந்து பரவிய வானியல் அட்டவணைகளில் மணியை விட்டுவிட்டு நாளையே அறுபது அறுபதாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த அட்டவணையில் நாளின் மினிட் 24 நிமிடம், நாளின் செகண்ட் 24 செகண்ட். என் தாத்தாவின் நாழிகையும் விநாடியும்தான். ஐரோப்பா பிறகு மணியை அறுபதாக்கும் வழக்கத்தோடு நிலைத்துவிட்டது. பஞ்சாங்கம் நாளை அறுபதாக்கும் வழக்கத்தில் நின்றது. ஆங்கில நூல்களைத் தமிழாக்கியவர்கள் செகண்டுக்குப் பெயர் தேடியபோது, அறுபதில் ஒன்றின் அறுபதில் ஒன்று என்ற வரிசையில் தயாராக இருந்த விநாடியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதன் அளவு இருபத்துநாலில் ஒன்றாகச் சுருங்கியது.

தாத்தாவின் பஞ்சாங்கங்களில் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. எந்த ஆண்டுடையது என்று சொல்லும் முகப்பு கிழிந்துவிட்டது. நடுப்பக்கம் ஒன்றின் ஓரத்தில், யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொடுத்தது போலப் பெரிய எழுத்தில், பென்சிலால் 35 × 24 = 840 என்று எழுதி, 840க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.